கயிற்றில் இருந்த வாடை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மான் வேட்டைக்கு மரத்துப் பரண் ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை மாட்டாமல் மட்டும் ஏறாதே.

சட்டை, தொப்பி எல்லாம் வாடையில்லாத சோப்பில் துவைத்தும் மான் பக்கத்தில் வந்து திரும்பிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். போன சீசனில் எனக்கும் அதேதான். சாயங்காலம். காற்று என் முகத்துக்கு நேராக வீசியது. ஒரு பெண்மான் என் மரத்தடிக்கே வந்துவிட்டது. வில்லை மேலே இழுக்கும் கயிறு தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனிக்கு ஒரு சாண் தள்ளி நின்று மூக்கை நீட்டியது. ஈர மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியது. முன்காலைத் தரையில் ஓங்கித் தட்டி ஒரு சீறல். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியேவிட்டது. பின்னால் வந்த மூன்றும் அதோடு போயின.

வீட்டுக்கு வந்து கயிற்றை முகர்ந்தால் எனக்கே பெட்ரோல் வாடை அடிக்கிறது! மாதக்கணக்கில் வண்டி டிக்கியில் கேன் பக்கத்தில் கிடந்த கயிறு.

உடுப்பைத் துவைக்கிறோம், சாமான்களை விட்டுவிடுகிறோம். முதுகுப்பையின் தோள்வார்தான் ரொம்ப மோசம். வியர்வை ஊறுவது அங்கேதான். பாலியஸ்டர் துணி உடம்பின் எண்ணெய்ப்பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். கம்பளியில் நாற்றம் அவ்வளவு தங்காது. பையைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு அலசி, வெளியே நிழலில் காயவிடு. பாதுகாப்புப் பட்டைக்கு மட்டும் மிதமான சோப்பும் கையும் போதும். பிளீச்சிங் படவே கூடாது, இழை பலவீனமாகிவிடும். தோல் பூட்ஸ் எந்த வாடையையும் குடித்துவிடும். ரப்பர் பூட்ஸ் போடு, அதையும் வண்டியை விட்டு இறங்கிய பிறகே மாட்டு. சாமான் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி புதிதென்றால் அதற்கே ஒரு நெடி இருக்கும். கழுவி சில நாள் திறந்து வை.

வாடை போக்கும் ஓசோன் இயந்திரம் பற்றிக் கேட்டாய். எனக்கு விருப்பமில்லை. ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரிலும் வெடிப்பு விழவைக்கும். வாடையை உறிஞ்சக் கரித்தூள் பூசிய உடையைத் துணி உலர்த்தியில் போட்டால் புதிதாகிவிடும் என்பதையும் நம்பாதே. அந்தக் கரியை முழுசாகப் புதுப்பிக்கப் பல நூறு டிகிரி சூடு வேண்டும்.

இத்தனை செய்தாலும் உன் மூச்சும் தோலும் வாடை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் காற்று பார்த்து உட்காருவதை விட்டுவிடாதே. வெயில் ஏறினால் சரிவில் காற்று மேலே போகும், பொழுது சாய்ந்து குளிர்ந்தால் கீழே இறங்கும். உன் பரண் சரிவின் எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அப்புறம், புதுக் கயிறு இரண்டு வாங்கி, துவைத்து, வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று உனக்கு. வரும்போது எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
மாறன்