ரசிகர் சங்க ஆண்டறிக்கை: எல்.எஸ்.யு. பேஸ்பால் சீசன், 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) கல்லூரி அணியின் பேஸ்பாலைச் சேர்ந்து பார்ப்பதற்காகத் தொடங்கிய நம் சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அணி எட்டாவது முறையாகத் தேசியச் சாம்பியன் ஆகியிருக்கிறது. 1991, 1993, 1996, 1997, 2000, 2009, 2023, இப்போது 2025. செயலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி சொல்லக் கிடைக்காது.

ஆண்டின் தொடக்கம் வழக்கம்போல் இல்லை. ஜனவரி 21 அன்று ஊரே பனியில் மூடிக் கிடந்தது. லூசியானாவில் பிறந்து வளர்ந்தவர்களே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கியதும் நாம் வார இறுதி ஆட்டங்களுக்குச் சேர்ந்து போனோம். வாரநாள் ஆட்டங்களுக்கு நம்மில் வருபவர்கள் குறைவு. அந்த ஆட்டங்களில்தான் முதலாமாண்டுப் பிட்ச்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) வாய்ப்புக் கிடைக்கும். அவர்களை அப்போதே பார்த்து வைத்தால் ஜூன் மாதத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று புரியும். வரும் ஆண்டில் இதை மாற்ற வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலெக்ஸ் பாக்ஸ் இந்தக் கல்லூரிக்கு ஆடியவர். இரண்டாம் உலகப் போரில், 1943-இல், வட ஆப்பிரிக்காவில் உயிர்விட்டார். அவர் பெயரைத் தாங்கிய பழைய மைதானத்துக்குப் பதிலாக 2009-இல் இப்போதைய மைதானம் திறக்கப்பட்டது. ஆடுகளத்துக்கு ஸ்கிப் பெர்ட்மன் பெயர். நம் எட்டுப் பட்டங்களில் முதல் ஐந்தும் அவர் பயிற்சியில் வந்தவை. வலது பக்கச் சுவருக்குப் பின்னால் புலி முகத்தோடு நிற்கும் பெரிய பலகையில் வென்ற ஆண்டுகள் வரிசையாக இருக்கும். சிறுவர்களை அழைத்து வருபவர்கள் அங்கே நிறுத்தி, 1996 என்ற எண்ணைக் காட்டுங்கள். மயாமி அணிக்கு எதிரான இறுதி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஒரு ரன் பின்தங்கிய நிலை, பேஸில் நம் ஆள் ஒருவர். அந்த சீசன் முழுவதும் ஒரு ஹோம் ரன்கூட (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) அடித்திராத வாரன் மோரிஸ் அந்தப் பந்தை வெளியே அனுப்பினார். 9–8.

இந்த ஆண்டுப் பட்டம், கடைசிக் கட்ட ஆட்டங்கள் நடக்கும் ஓமஹா நகரில் கைக்கு வந்தது. ஆனால் அது ஏறக்குறைய கைவிட்டுப் போனது நம் ஊரிலேயே, ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. அதனால் அந்த இரண்டு நாட்களைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

64 அணிகள் 16 ஊர்களில் மோதுவது முதல் சுற்று. ஒவ்வோர் ஊரிலும் நான்கு அணிகள். இரண்டு முறை தோற்றால் வெளியேற வேண்டும். நமக்கு வந்த லிட்டில் ராக் அணி, அந்த சீசனில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். முதல் நாள் அவர்களை 7–0 என்றும், அடுத்து டல்லஸ் பாப்டிஸ்ட் அணியை 12–0 என்றும் வென்றோம். வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஞாயிறு அதே லிட்டில் ராக் நம்மை 10–4 என்று தோற்கடித்தது. பெரியவர்கள் முன்கூட்டியே கார் எடுக்க எழுந்துவிட்டார்கள். நம் சங்கத்தின் ஸ்கோர் அட்டை வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி மட்டும் கடைசி அவுட்டையும் கட்டத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். “நாளைக்கும் ஆட்டம் இருக்கே அங்கிள், இதுக்குள்ள எதுக்கு முகத்தைத் தொங்கப் போடறீங்க?” என்று அவள் கேட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

திங்கட்கிழமை தோற்றால் சீசன் முடிந்தது. 5–1 என்று பின்தங்கினோம். அங்கிருந்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியதில் இடையில் வந்து பந்து வீசிய முதலாமாண்டு மாணவர் கேசன் எவன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் எதிரணியை அடக்கிவைக்க, நம் பேட்டர்கள் ரன்னை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தார்கள். 10–6. இந்த ஆண்டு நான் பார்த்த ஆட்டங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், இறுதி ஆட்டத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் வெஸ்ட் வர்ஜீனியாவை இங்கேயே 16–9, 12–5 என்று வென்று ஓமஹாவுக்குத் தகுதி பெற்றோம். ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரம். போக முடிந்தவர்கள் காரில் போனார்கள். மற்றவர்களுக்காக உறுப்பினர் வீடுகளில் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். இடம் கொடுத்து, சமைத்தும் போட்ட குடும்பங்களுக்குச் சங்கத்தின் நன்றி.

ஓமஹாவில் முதலில் ஆர்கன்சாவை 4–1 என்று வென்றோம். யு.சி.எல்.ஏ. ஆட்டம் மழையால் நின்று, மறுநாள் தொடர்ந்து, 9–5 என்று முடிந்தது. ஜூன் 18 அன்று மறுபடியும் ஆர்கன்சா. ஒன்பதாவது இன்னிங்ஸில் நாம் கடைசியாக பேட் செய்ய வந்தபோது 5–3 என்று அவர்கள் முன்னிலை. லூயிஸ் ஹெர்னாண்டஸ் இடது பக்கம் அடித்த பந்தைப் பிடிக்க வந்தவர் சறுக்கிவிட்டார். இரண்டு ரன், சமநிலை. அடுத்து ஜேரட் ஜோன்ஸ் அடித்தது எகிறிப் பிடிக்கப் பார்த்தவரின் கையுறையில் பட்டு அப்பால் போனது. 6–5. ஆர்கன்சாவுக்கு அது மிகக் கசப்பான இரவு. அவர்களும் பட்டத்துக்குத் தகுதியான அணிதான். அந்த அணியின் பிட்ச்சர் கேஜ் வுட் இரண்டு நாள் முன்புதான் மரே ஸ்டேட் அணிக்கு ஒரு ஹிட்கூட (அடித்து பேஸை அடைவது) கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்க விடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) ஆக்கியிருந்தார். ஓமஹா கட்டத்தில் 1960-க்குப் பிறகு அப்படி ஒரு பந்துவீச்சை யாரும் பார்த்ததில்லை.

இறுதிச் சுற்றில் எதிரே கோஸ்டல் கரோலைனா. மூத்த உறுப்பினர்களுக்கு அந்தப் பெயரே வயிற்றில் புளியைக் கரைத்தது. 2016-இல் நம் மைதானத்துக்கே வந்து நம்மை வெளியேற்றிவிட்டு, அப்படியே போய்ப் பட்டமும் வாங்கிய அணி. இந்த முறை தொடர்ந்து 26 வெற்றிகளோடு வந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் கேட் ஆண்டர்சன், லூசியானாவின் மேடிசன்வில் ஊர்ப் பையன், ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசினார். 130 பந்து, 10 ஸ்ட்ரைக் அவுட், கொடுத்தது மூன்றே ஹிட். முதல் இன்னிங்ஸில் ஸ்டீவன் மிலம் அடித்த சிங்கிளில் (முதல் பேஸ் வரை ஓட வைக்கும் அடி) வந்த ஒரே ரன் கடைசி வரை தாங்கியது. 1–0. பேஸ்பாலில் ரன் மழை பொழிந்தால்தான் சுவை என்று சொல்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறார், பந்து எங்கே வந்து விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

மறுநாள், ஜூன் 22, கோஸ்டல் பயிற்சியாளர் முதல் இன்னிங்ஸிலேயே நடுவரால் வெளியேற்றப்பட்டார். அதனால்தான் நாம் வென்றோம் என்று சிலர் பேசுகிறார்கள். நான்காவது இன்னிங்ஸில் கிறிஸ் ஸ்டான்ஃபீல்டும் முதலாமாண்டு மாணவர் டெரெக் கூரியலும் தலா இரண்டு ரன் கொண்டுவந்த அடிகளே ஆட்டத்தைத் தீர்மானித்தன என்பது என் கருத்து. 5–3. மொத்தம் 53 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஜே ஜான்சனுக்கு மூன்று ஆண்டுகளில் இது இரண்டாவது பட்டம்.

ஜூலையில், தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், ஆண்டர்சனைச் சியாட்டில் மரினர்ஸ் அணி மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. சீசனில் 180 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர், போகத்தான் செய்வார். வருத்தம் இருந்தாலும் வாழ்த்து அனுப்பினோம்.

பெற்றோர்களுக்கு முக்கியமான ஒரு செய்தி. கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஒப்புதல் தந்த தீர்வின்படி, இதுவரை ஓர் அணிக்கு 11.7 என்றிருந்த உதவித்தொகை வரம்பு போய், அதை ஏற்கும் கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. முன்பு ஒரு உதவித்தொகையைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். இனி இடம் கிடைத்தவருக்கு முழுத்தொகைகூடக் கிடைக்கலாம். ஆனால் உதவித்தொகை இல்லாமல் சொந்த முயற்சியில் வந்து சேரும் பையன்களுக்கு இடம் சுருங்கும். உயர்நிலைப் பள்ளியில் ஆடும் நம் பிள்ளைகள் படிப்பையும் சேர்த்து யோசித்துக் கல்லூரிகளைத் தேர்வு செய்ய வேண்டும். இதற்கென்று ஒரு கூட்டம் நடத்த நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

ஸ்கோர் அட்டை வகுப்பு அடுத்த ஆண்டும் தொடரும். ஆடும் இடத்துக்கு ஓர் எண். பிட்ச்சர் 1, கேட்சர் 2 என்று தொடங்கி ஷார்ட்ஸ்டாப் 6 வரை வந்துவிட்டால், 6–4–3 என்று எழுதியதுமே டபுள் பிளே (ஒரே அடியில் இருவர் அவுட்) கண்முன் ஓடும். பெரியவர்களும் வரலாம், அட்டையும் பென்சிலும் சங்கம் தரும். அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று கிளம்பும் முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்