அண்ணா, படிவங்களைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள அண்ணா,

வண்டியை என் பெயருக்கு மாற்ற நீ அனுப்பிய படிவம் 29, படிவம் 30 இரண்டும் வந்து சேர்ந்தன. விற்பவர் இடத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. வாங்குபவர் இடத்தில் என் பெயரையும் முகவரியையும் நீயே எழுதிவிட்டாய். சேசிஸ் எண், எஞ்சின் எண் எதிலும் அடித்தல் திருத்தம் இல்லை. எனக்கென்று நீ விட்டுவைத்தது ஒரு கையெழுத்து மட்டும்தான். அதைப் போடப் போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் சரி சரி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். இப்படிப் பொதுவில் எழுதினால் நம் குடும்பத்தில் பாதிப் பேர் படிப்பார்கள் என்று தெரியும். நீ எனக்குச் சொன்ன புத்திமதியும் நாலு பேர் முன்னால் சொன்னதுதான்.

அப்பாவின் ஆர்எக்ஸ் 100 பைக் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நேராக வண்டிக்கு வருகிறேன்.

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது. இனி 650 சிசி வண்டி ஒன்றைப் புதிதாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. உன் சூப்பர் மீட்டியோர் 650 ஏற்கெனவே என் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. தம்பிக்கு வயது ஏறுகிறது, குனிந்து ஓட்டினால் முதுகு போய்விடும், அந்த யமஹா ஆர்15 பைக்கை விற்றுவிட்டு இதை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாய். பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாய். இப்படி ஒரு பொருளை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. அந்த உறையைப் பிரித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அண்ணா.

உன் வண்டியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க அதை வெளியே எடுப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒருமுறை தருமபுரிவரை போனேன் என்று தெரியாது. திரும்பும்போது தொப்பூர் கணவாயில் இறங்கினேன். பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போனால் அதன் காற்று ஆர்15ஐ ஒரு பக்கமாகத் தள்ளும்; தோளை இறுக்கிக்கொண்டுதான் ஓட்டுவேன். உன் சூப்பர் மீட்டியோர் அசையவில்லை. ஆறாவது கியரில் அந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இறங்கியபோது மணிக்கட்டில் வலி இல்லை. நெடுஞ்சாலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை நான் ஓட்டியதில்லை. நாம் கன்னியாகுமரி போவதாக இருந்தால் அதில்தான் போக வேண்டும்.

ஆனால் சுகம் முழுவதும் அந்தப் பக்கமே இருப்பதாக நீ பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. குனிந்து ஓட்டும் வண்டியில் மணிக்கட்டு நோவது நகர நெரிசலில்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், கையில் பாரம் குறைந்துவிடும். உன் வண்டியில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளத்தில் விழும்போது புட்டத்தைத் தூக்க முடியாது. அடி நேராக முதுகெலும்புக்குப் போகிறது. ராசிபுரம் கடைவீதியில் ஒருநாள் ஓட்டிப் பார், தெரியும். என்னுடையது 142 கிலோ, உன்னுடையது 241. நடுவில் இருக்கும் 99 கிலோ ஓடும்போது தெரியாது. வண்டி நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

இதற்கு மேல் மலையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணியிடம் நீயே சொல்லிவிட்டதாகப் போன வாரம் சொன்னாய், அதனால்தான் எழுதத் துணிகிறேன். அம்மாவிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்று தெரியாததால் சில இடங்களில் நிறுத்திக்கொள்கிறேன்.

போன வருடம், ஆடி மாதம். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா முடிந்து கூட்டம் கலைந்திருந்த வாரம். அடிவாரத்தில், காரவள்ளியில் ஹெல்மெட்டை மாட்டும்போது, "அவரவர் வேகத்தில் போவோம், மேலே சோளக்காட்டில் பார்ப்போம்" என்று சொன்னது நீதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒட்டிக்கொண்டே ஏறுவது இரண்டு பேருக்கும் ஆபத்து என்று நாம் முன்பே பேசி வைத்ததுதான். அதனால் நான் முன்னால் போனேன். அந்தச் சாலையில் கீழ் வளைவில் வரும் வண்டியின் சத்தம் காலுக்கு நேர் கீழே கேட்கும். ஆர்15இன் பக்கக் கண்ணாடியில் பாதி என் முழங்கைதான் தெரியும் என்பதால் உன் எஞ்சின் சத்தத்தை வைத்தே நீ எவ்வளவு பின்னால் வருகிறாய் என்று தெரிந்துகொண்டு ஏறினேன். முப்பதாவது வளைவுக்கு மேல் இருக்கும், ஒரு பஸ் இறங்கி என்னைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் கீழே ஹாரன் நீளமாகக் கேட்டது. அதன் பிறகு உன் எஞ்சின் சத்தம் வரவில்லை.

கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினேன். படம் எடுக்க நின்றிருப்பாய் என்றுதான் நினைத்தேன், நீ நிற்கக்கூடியவன்தான். தண்ணீர் குடித்தேன். குரங்கு ஒன்று சுவரில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இந்த ஒரு வருடமாகத் தோன்றுகிறது, கேட்கிறேன். ஆனால் அவரவர் வேகம் என்று சொன்னவன் நீ, அண்ணா. நான் உடனே திரும்பியிருந்தாலும் நடந்தது நடந்து முடிந்திருந்தது.

நான் இறங்கி வந்தபோது வண்டி இடது பக்கமாகப் படுத்திருந்தது. பெட்ரோல் வாசம். இண்டிகேட்டரின் உடைந்த துண்டுகள் ஈரச் சாலையில் கிடந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டரும், பலாப்பழ மூட்டையோடு வந்த இரண்டு பேரும் வண்டியைத் தூக்க நின்றார்கள். நீ சுவரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கண்டக்டரிடம் சிரித்த முகமாக "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றாய். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வீட்டில் சொல்லாதே" என்றாய். நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

டிரைவர் மேல் குற்றமில்லை. இறங்கும் பஸ் அந்த வளைவை எடுக்க முழுச் சாலையும் வேண்டும். வண்டி மேலும் குற்றமில்லை. இடது வளைவில், கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து நின்றாய். வளைவின் உள்பக்கம் சாலை சரிந்து இறங்குகிறது; ஊன்ற நீட்டிய இடது கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் 241 கிலோவை யாராலும் நிறுத்த முடியாது. விழட்டும் என்று விட்டிருந்தால் ஒரு இண்டிகேட்டரோடு போயிருக்கும். நீ விடவில்லை. கீறல் படக்கூடாது என்று தாங்கினாய். உன் முட்டி போனது அதனால்தான். அதைப் பற்றி டாக்டர் சொன்னதை இங்கே எழுதவில்லை.

கியர் போடும் கால் அது. நீ ஓட்ட முடியாது. ஆர்15இன் பின் சீட்டில் ஏற்றவும் முடியாது, அந்த உயரத்தில் காலை மடக்கி உட்கார வைத்திருந்தால் நீ கத்தியிருப்பாய். என் வண்டியை மேலே ஒரு டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு வந்து உன் வண்டியில் உன்னைப் பின்னால் உட்கார வைத்தேன். அதற்கு முன் அதை நான் ஓட்டியதே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் என் காதருகே சொன்னாய்: "பின் பிரேக். கிளட்ச்சைப் பாதி பிடி. முன் பிரேக்கைத் தொடாதே. கீழே பார்க்காதே, வளைவு முடியும் இடத்தைப் பார்." வலியில் உன் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. ஆனாலும் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. ஆர்எக்ஸ் 100 கற்றுக்கொடுத்தபோதும் அதே குரல்தான். அடிவாரம் வந்ததும் சேந்தமங்கலம் சாலையில் நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். "நன்றாக ஓட்டுகிறாயடா" என்றாய். அதற்கு முன் நீ என்னை அப்படிச் சொன்னதில்லை.

அன்று அந்த அகலமான சீட்டும் தாழ்ந்த ஃபுட்ரெஸ்ட்டும் இல்லாவிட்டால் உன்னைக் கீழே கொண்டுவந்திருக்க முடியாது. அந்த வண்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் காதுகுத்து வந்தது. நீ கைத்தடியோடு வந்தாய். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள், சரி. பந்தியில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவனை அந்தச் சின்ன வண்டியை விற்கச் சொல்லுங்கள், பந்தயக்காரன் மாதிரி ஓட்டுகிறான், ஒருநாள் எங்காவது விழப் போகிறான்" என்றாய். எல்லாம் தெரிந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேகத்தைப் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். அந்த மலையில் விழாதவன் நான். இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது, என்ன செய்ய.

நான் ஏன் ஆர்15ஐ விடவில்லை என்பதை நீ ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 155 சிசி எஞ்சின் நெடுஞ்சாலையில் யாரையும் தோற்கடிக்காது. எனக்கு வேண்டியது வளைவு. இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை விரலளவு முன்னால் தள்ளினால் போதும், வண்டி சாய்ந்துவிடும். நடுவில் கல்லோ ஆடோ இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாதையை மாற்றிக்கொள்ளலாம். அதன் இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே 1325 மில்லிமீட்டர்தான், உன்னுடையதில் 1500. உன் வண்டியையும் திருப்பலாம். ஆனால் வளைவுக்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும். என்னுடையதில் வளைவுக்குள் போன பிறகும் மனதை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. பொழுது முழுக்கப் பிறர் முடிவு செய்ததைச் செய்து சம்பளம் வாங்குகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரிய வேண்டும். வீட்டுச் சரிவில் ஏற்ற, சந்தில் திருப்ப, ஒரு கையால் நகர்த்த அதுதான் எனக்குத் தோதான வண்டி. மணிக்கட்டு வலிக்கும் நாளில் நின்று நின்று போவேன்.

இன்னொன்று. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நீ ஓட்டுவதை நிறுத்திவிட்டாய் என்றாகிவிடும். டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை, முட்டிக்கான பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னார். போனில் நீ சொன்ன காரணத்தை இங்கே எழுத மாட்டேன், அது நமக்குள் இருக்கட்டும். ஆனால் அந்தக் காரணத்துக்காக உன் வண்டியை நான் வாங்கிக்கொள்ள முடியாது. வாங்கினால் தாழ்வாரத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ சுவரில் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தெரியும். நான் மறுப்பதில் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும். அண்ணி என்மேல் கோபப்படலாம். அண்ணி, படித்துக்கொண்டிருந்தால், நான் அவனை மலைக்கு இழுக்கவில்லை. மைதானத்துக்குத்தான் கூப்பிடுகிறேன்.

இண்டிகேட்டர் மாற்றிவிட்டேன், வளைந்த கிளட்ச் லீவரையும் மாற்றியாயிற்று. டேங்கில் இருக்கும் கீறலைத் தொடவில்லை, அதை என்ன செய்வது என்று நீ சொல். உன் காலுக்கு ஏற்றபடி கியர் லீவரின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்று மெக்கானிக் சொல்கிறார், நீ உட்கார்ந்து பார்த்தால்தான் முடியும். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வா. ஞாயிறு காலையில் பள்ளி மைதானம் காலியாக இருக்கும். முதலில் எஞ்சினைப் போடாமல் வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து, எந்த இடத்தில் கனம் கைமீறுகிறது என்று பார்ப்போம், நான் மறுபக்கம் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம் பின் பிரேக்கும் கிளட்ச்சும் மட்டும் வைத்துக்கொண்டு எட்டுப் போடு. எனக்கு நீ சொன்னதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

பெரியப்பாவுக்கு மட்டும் நீயே ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடு. அதை நான் செய்ய மாட்டேன்.

உன் தம்பி