ரூபாயும் டாலரும் சமமாக இருந்ததில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நாடு விடுதலை பெற்றபோது ஒரு டாலரின் மதிப்பு ஒரு ரூபாய்தான் என்ற தவறான செய்தி, ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் வலம் வருவது வருத்தமளிக்கிறது. அன்று ரூபாய் டாலரோடு அல்ல, பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் (அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்), அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை (ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை) என்பதே கணக்கு. அந்தப் பவுண்டு 4.03 டாலராக இருந்ததால், ஒரு டாலர் ஏறத்தாழ 3 ரூபாய் 5 அணாவாக இருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டோடு சேர்ந்து ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டு, டாலர் 4.76 ரூபாயானது; 1966 ஜூன் 6 அன்று, இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பை மீண்டும் குறைத்து, டாலரை 7.50 ரூபாய் ஆக்கியது. பொருளாதாரம் குறித்த வாதங்கள் எந்தக் கட்சியுடையதாயினும் உண்மையான எண்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால், இவ்விவரங்களைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், திருச்சி