எடை குறைந்த கான்கிரீட்டும் விதிநூல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடை கொண்டது. கருங்கல் ஜல்லிக்குப் பதிலாக உடைத்த தேங்காய்ச் சிரட்டையையோ எண்ணெய்ப்பனைக் கொட்டையின் மேலோட்டையோ சேர்த்தால் அது ஏறத்தாழ 2,000 கிலோவுக்குக் குறைவதுடன், கட்டமைப்புக்குப் போதுமான வலிமையையும் எட்ட முடிகிறது. இதனால் தூண்களும் அடித்தளமும் தாங்கும் பாரம் குறையும். நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசையும் தணியும். சிமென்ட்டின் ஒரு பகுதிக்கு ஈடாக அனல்மின் நிலையச் சாம்பலும் உமிச்சாம்பலும் உதவும். ஆனால் உமியைக் கண்டபடி எரித்தால் பயனில்லை. வெப்பத்தைச் சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் கட்டுப்படுத்தினால்தான் அதிலுள்ள சிலிக்கா என்ற கனிமப்பொருள் சிமென்ட்டுடன் நன்கு வினைபுரியும். சிரட்டை நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் அதை முன்கூட்டியே ஊறவைப்பதும் அவசியம். இந்த நுணுக்கங்கள் கட்டுமான விதிநூல்களில் தெளிவாக இடம்பெறாத வரை பொறியாளர்கள் துணிந்து கையெழுத்திட மாட்டார்கள் என்பதால், விதிகளை வகுப்போர் அப்பணியை உடனே மேற்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்