960 அல்ல, 300 கிலோவாட்தான் கேட்டோம்

மின் பகிர்மான இணைப்புப் பிரிவின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எண்ணூர் துறைமுகச் சாலையில் மின் லாரிகளுக்கான சார்ஜிங் நிலையம் கேட்ட இன்னொரு விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. காரணம் தாங்கள் அறிந்ததே: 240 கிலோவாட் சார்ஜர் நான்கு, ஆக 960, புது கேபிள், பெரிய டிரான்ஸ்ஃபார்மர், செலவு விண்ணப்பதாரர் தலையில். கேட்டதோ 300 மட்டும். மீதியை நிலையத்திலேயே வைக்கும் பேட்டரி தரும் என்று காட்டிய வரைபடத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

கணக்கை மறுபடி வைக்கிறோம். 300 யூனிட் பேட்டரி உள்ள ட்ரெய்லரை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 180 யூனிட், முக்கால் மணி நேரம். நான்கு வண்டி சேர்ந்து வந்தால் 720. அந்த நேரத்தில் உங்கள் லைன் தருவது 225. மிச்சம் 495 நிலையத்தின் பேட்டரியிலிருந்து. அதை அடிவரை வழிக்கக் கூடாது, 10 முதல் 90 சதவீதத்துக்குள்தான் புழங்கணும். இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போகும். ஆகவே 700 யூனிட் பேட்டரி, 960-இல் 300 போக மீதிக்கு 660 கிலோவாட் இன்வெர்ட்டர். இதில் சறுக்குகிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு: யூனிட்டை மட்டும் எழுதி டெண்டர் விட்டு, நாலு மணி நேரம் மெல்ல வடியும் பேட்டரியை வாங்குவார்கள். அதில் 175 கிலோவாட்டுக்கு மேல் வராது. வண்டிகள் கிளம்பியதும் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும்.

பேட்டரி தீர்ந்தால் சார்ஜர்கள் தலா 75 கிலோவாட்டுக்கு இறங்கும். வண்டி தாமதமாகும், டிரான்ஸ்ஃபார்மர் எரியாது. கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால், 300-ஐத் தாண்டியதும் தனி ரிலே, அதாவது சுமை மீறுவதைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் கருவி, பிரேக்கரைத் துண்டிக்கும். அந்த ரிலேயின் சீல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பேட்டரி இல்லாமல் சிறிய இணைப்பில் ஓடும் நிலையங்களைப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு வண்டி செருகியதும், 240 என்று எழுதிய சார்ஜரின் திரையில் 60 என்று ஓடும். முக்கால் மணி மூன்று மணியாகும். சரக்கேற்றிய கண்டெய்னரோடு டிரைவர் வெயிலில் நிற்பார். துறைமுக வாயிலில் அவருக்குக் கொடுத்த நேரம் போய்விடும்.

காலை ஆறு மணிக்கு ஊரே குளிக்கும் என்று தெருக்குழாயை ஆள் நுழையும் அகலத்துக்கா போடுகிறோம்? மொட்டைமாடியில் தொட்டி வைக்கிறோம். டீசல் ஜெனரேட்டர் வைத்து மின் லாரிக்குச் சார்ஜ் போடுகிறோம் என்றிருந்தால் கோப்பு இந்நேரம் நகர்ந்திருக்குமோ என்னவோ! பகல் 9 முதல் 4 வரை சார்ஜிங் மின்சாரம் மலிவு என்கிறது மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல். மலிவாக வாங்கி வைக்கப் பாத்திரம் வேண்டாமா?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றே: சார்ஜர்களின் பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டைக் கூட்டாதீர்கள், ரிலேயில் பூட்டிய எல்லையையே இணைப்புச் சுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். 300 கேட்டால் 300-க்கு அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
சார்ஜிங் நிலைய வடிவமைப்புப் பொறியாளர்கள்