ரத்தம் எடுத்தீர்கள், முடிவு எங்கே?

ஆசிரியருக்கு,

மருத்துவ ஆய்வில் ஊர்ப் பிரமுகர்களையும் பங்காளிகளாகச் சேர்ப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சேர்க்கட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் காரைக்குடி பக்கம் பிரமுகர் என்றால் முகாமில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போகிறவர் என்று ஆகிவிட்டது. ஒரு குழு வந்து ரத்தம் எடுத்தது, நீளமான படிவத்தில் கேள்வி கேட்டது, கைநாட்டும் வாங்கியது, அப்புறம் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லக்கூட யாரும் திரும்பி வரவில்லை. முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இருக்கிறது!

முகாம் நேரத்தையாவது ஊரைக் கேட்டு வையுங்கள். காலை பதினொரு மணிக்கு வைத்தால் ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர் எப்படி வருவார்? நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, கண்ணாடி மேல் வைத்த அச்சில் கலர் சிமெண்டை ஊற்றுகிற வேலை, விட்டால் அன்றைய கூலி போச்சு. அவர்களிடம் முதலில் கேட்டிருந்தால் முழங்கால் வலியையும் சிமெண்டில் வெடிக்கிற விரலையும்தான் சொல்லியிருப்பார்கள், படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரை ஆய்வுக் குழுவில் உட்கார வையுங்கள், சம்பளத்தோடு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற பெண்களுக்கு யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது அத்துப்படி.

- வாசகர், கோட்டையூர்