மீதி மீன்துண்டைச் சோதிக்க ஓர் இடம் வேண்டும்: வடபகுதிக் கடற்றொழில், சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

முருகைக்கற்பார்களில் (பவளப்பாறைகளில்) பிடிபடும் பெரிய மீன்களை உண்டபின் வாந்தியும் வயிற்றோட்டமுமாகத் தொடங்கி, பின்னர் உதடும் விரல்நுனியும் விறைத்து, கிழமைக்கணக்கில் நீடிக்கும் நரம்புக் கோளாறாக மாறும் சிகுவாடெரா பற்றித் தாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆண்டுதோறும் உலகில் 10,000 முதல் 50,000 பேர் வரை இதனால் பாதிக்கப்படுகிறார்கள் என்ற மதிப்பீடும் தங்களுக்குப் புதியதன்று. ஆகையால் எங்கள் வீட்டில் நடந்ததையே நேராக எழுதுகிறேன்.

என் மூத்த அண்ணர் கரையோர வாடியொன்றில் மீனுக்கு ஐஸ் போடுபவர். அங்கு அவருக்குக் கிடைத்த பெரிய கலவாயின் தலையை அண்ணி மஞ்சளும் பழப்புளியும் விட்டுக் குழம்பு வைத்தார். மணத்திலோ சுவையிலோ எந்தக் குறையும் இருக்கவில்லை. இரவே வாந்தி தொடங்கியது. வைத்தியசாலையில் மீன் ஒவ்வாமை என்று துண்டில் எழுதி, குளிசை கொடுத்து அனுப்பினார்கள். வயிறு அடங்கிய பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. காலையில் கிணற்றடியில் வாளித் தண்ணீருக்குள் கையை வைத்தவர், கொதிநீர் பட்டவர் போலக் கையை உதறினார். வாடியில் ஐஸை அள்ளினால் உள்ளங்கை எரிகிறது. கையுறை போட்டும் தாங்க முடியவில்லை. ஐஸ் அள்ள முடியாதவருக்கு அங்கே நாட்கூலி இல்லை. மீண்டும் வைத்தியரிடம் போனபோது அது மனப்பயம் என்று சொல்லப்பட்டது. இந்த நோயில் குளிர் நெருப்பாகச் சுடுவது மருத்துவ நூல்களில் எழுதப்பட்ட அடையாளம் என்பதை ஒருவரேனும் நினைத்துப் பார்த்திருக்கலாம். இந்நோயாளிகள் சில மாதங்களுக்கு மீனையும் மதுவையும் கொட்டை வகைகளையும் தவிர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால், அண்ணர் மறுபடியும் மீன் சாப்பிட்டு மறுபடியும் படுத்தார்.

அந்தக் கலவாயின் சமைக்காத வால்துண்டு எங்கள் உறைபெட்டியில் இருந்தது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனோம். ஓர் அலுவலகத்தில் இது சுகாதாரத்துக்குரியது என்றார்கள். மற்றதில் கடற்றொழிலுக்குரியது என்றார்கள். கடைசியில் புதைத்துவிடச் சொன்னார்கள். நாங்கள் புதைக்கவில்லை. அண்ணருக்கு வந்தது சிகுவாடெராதானா என்பதை நானோ வைத்தியரோ ஊகித்துச் சொல்வதைவிட அந்தத் துண்டு சொல்வதே முறை. என் கோரிக்கை ஒன்றே: நோயாளி உண்ட மீனின் மீதியைப் பெற்று, உறைநிலையில் காத்து, சோதித்து, முடிவை அவருக்கே அறிவிக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

சிகுவாடெராவை உண்டாக்கும் சிகுவாடொக்சின் என்னும் நஞ்சின் வேதியியலே அக்கோரிக்கைக்குக் காரணம். பாறைப் பாசிகளில் ஒட்டி வாழும் கம்பியர்டிஸ்கஸ் என்னும் ஒற்றைக்கல அல்கா (நுண்பாசி) அதை உண்டாக்குகிறது. பாசி மேயும் சிறுமீன் வழியே அந்நஞ்சு பெரிய மீனுக்குச் சென்று, மீனின் உடலிலேயே ஒட்சியேற்றமடைந்து இன்னும் வீரியமடைகிறது. 1989இல் ஜப்பானிய வேதியியலர் யசுமோட்டோவின் ஆய்வுக்குழு இதன் கட்டமைப்பை வெளியிட்டபோது, 4,000 கிலோ அஞ்சாலையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த தூய சிகுவாடொக்சின் 0.35 மில்லிகிராம் மட்டுமே. பதின்மூன்று ஈதர் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த அந்த மூலக்கூறு கொதியிலும் சிதையாது, உறைவிலும் சிதையாது. நரம்புக் கலங்களின் சோடியம் கால்வாய்களில் அது பற்றிக்கொள்ளும்போது, மூடியிருக்க வேண்டிய வேளையிலும் அவை திறந்துகொள்கின்றன. நரம்பு தானாகவே துடித்துக்கொண்டிருக்கிறது. முறிமருந்து கிடையாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பசிபிக் சிகுவாடொக்சினுக்கு வகுத்த வழிகாட்டு எல்லை ஒரு கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதைக் கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்க மாட்டா. வளர்த்த நரம்புக் கலங்களில் செய்யும் சோதனையும் திணிவு நிறமாலைக் கருவியும்தான் கண்டுபிடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 853ஆம் இலக்க ஒழுங்குவிதி, சிகுவாடொக்சின் கலந்த மீன் பொருட்களைச் சந்தைக்கு விடக்கூடாது என்கிறது. கடல் கடந்துபோகும் மீனுக்கு ஒரு விதி இருக்கையில், குருநகரிலும் பருத்தித்துறையிலும் கரையேறி எங்கள் சட்டிக்கு வரும் மீனைப் பற்றிக் கேட்க ஒரு மேசைகூட இல்லை என்பது எங்களை வருத்துகிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலின் முருகைக்கற்கள் வெப்பத்தால் வெளிறின. இறந்த கல்லில் படரும் பாசி இந்த அல்காவுக்கு வாய்ப்பான இடம். 2017இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின்னரும் எங்கள் கடலின் அடித்தளம் கிழிபடுவதை இங்கே கரையில் நிற்கும் எவரும் சொல்வார்கள். பார்கள் அழிவதைத் தடுக்காத நாங்கள், அழிந்த பாரிலிருந்து வரும் மீனையாவது சோதிக்க வேண்டாமா? இந்தச் சொற்களில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இச்செய்தி பரவினால் மீன் விலை விழும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். மீனை விற்று வாழும் குடும்பத்திலிருந்து எழுதும் எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஆனால் சோதனை இல்லாத இடத்தில்தான் வதந்தி எல்லா மீனையும் சேர்த்துக் கெடுக்கும். எந்தப் பாரில், எந்த இனத்தில் என்று தெரிந்தால் மற்ற மீனை மக்கள் நம்பி வாங்குவார்கள்.

ஆய்வுகூட வசதி உடனே கிட்டாது என்றால், மாதிரியை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பும் ஒழுங்கையாவது செய்யுங்கள். அதற்கு முன்னதாக, மீன் உண்டபின் குளிர் சுடுவதாகச் சொல்பவரைப் பயந்தவர் என்று திருப்பி அனுப்பாமல் பதிவுசெய்யும்படி வைத்தியசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடலாம். அதற்குப் பெரிய செலவில்லை. எங்களிடமுள்ள துண்டை எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் போடும் தொழிலாளியொருவரின் தம்பி,
யாழ்ப்பாணம்.